இரண்டு காம்பராவுக்கு ஓர் அடுப்பு

டயகமப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், ஒரு மழைக்காலத்தில் விறகைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு எரிவது வீண்செலவு, பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்கள் இரண்டும் சேர்ந்து ஓர் அடுப்பு மூட்டினால் போதும் என்று பெரிய துரை முடிவு செய்திருந்தார். துரை பங்களாவில் எத்தனை அறைகளில் கணப்பு எரிகிறது என்பது அங்கே தரை துடைக்கப் போகிறவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி உத்தரவில் பேச்சில்லை.

காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் நின்று கங்காணி சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே சட்டந்தான். பெரிய வீடு சின்ன வீடுன்னு கெடையாது. ஒத்துமையா இருந்து பழகுங்க."

அவருக்கும் அந்த லயத்தைத் தெரியும். அதில் எங்கள் காம்பரா கடைசி. எங்கள் சாதியின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பக்கத்துக் காம்பராக்காரி எங்கள் பாத்திரத்தைத் தொடமாட்டாள் என்றால் போதும், படிக்கிறவர்களுக்கு விளங்கும். நான் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்தேன். அதனால் அவளுக்கு என்மேல் கூடுதல் எரிச்சல். ஒருமுறை அக்கா என்று கூப்பிட்டதற்கு, "யாருக்குடி அக்கா? உங்காத்தா பெத்துப் போட்டாளா என்னைய?" என்று லயமே சிரிக்கும்படி கேட்டாள்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையிலிருந்து வரும் மிளாறு விறகுக் கட்டுகளில் எங்கள் பங்கும் இனி அவள் அடுப்புக்குத்தான் என்று முடிவானது. அடுப்பு அவளுடையது, அதில் எங்கள் சட்டி எப்படிச் சேரும்?

"வெறகு சேரலாம்டி, சட்டி சேராது," என்றாள் அவள். "ஒங்களுக்குத் தணல் தாரேன். சுடுதண்ணி ஊத்துறேன். வேற என்னா வேணும்?"

கங்காணியிடம் போய்ச் சொன்னோம். "அதான் தணல் தாராளே. இந்தக் காலத்துல அதுவே பெருசு," என்றார்.

அப்படியே நடந்தது. அவள் வீட்டுச் சமையல் முடிந்தபிறகு, சாம்பல் பூத்த தணலை ஒரு தகரத்தில் வாரி வாசலில் வைப்பாள். அதில் ரொட்டி வாட்டலாம், சோறு வேகாது. நாங்களாகச் சுள்ளி பொறுக்கி மூட்டினால் கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாகப் புகை எழும்பும். அது யார் வீட்டுப் புகை என்று கங்காணிக்குச் சொல்ல லயத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வீட்டு விறகும் எரியும் அடுப்பில் அவள் தன் பிள்ளைகளுக்குத் தினமும் வெந்நீர் வார்த்தாள்.

காலையில் தேத்தண்ணிக்கு வெந்நீர் வாங்க என் மகள்தான் போவாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. விடிந்தும் விடியாமலும் நான் பெரட்டுக்கு ஓடவேண்டும். என் புருஷன் எனக்கு முன்னாலேயே கவ்வாத்து மலைக்குப் போய்விடுவார். மகள் வாசல் கல்லுக்குக் கீழே நின்று செம்பை நீட்டுவாள். பக்கத்துக் காம்பராக்காரி படிமேல் நின்றபடி, தன் கேத்தலின் மூக்கு எங்கள் செம்பில் பட்டுவிடாத உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி வெளியே சிந்தும். சிந்தியதற்கும் திட்டு விழுவது பிள்ளைக்குத்தான்.

"ஆடாம புடி, சனியனே! வெறகு என்னா உங்கப்பன் வெட்டிப்போட்டதா?"

கவ்வாத்து வெட்டி அந்த விறகைப் போட்டதே என் மகளின் அப்பன்தான்.

அன்றைக்கு மழை சாரலாக அடித்துக்கொண்டிருந்தது. நான் தலையில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது அது நடந்தது. சிந்தினால் திட்டுவாளே என்று என் மகள் செம்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. "தொட்டுடாதடி!" என்று அலறிக்கொண்டு அந்தப் பெண் கேத்தலை வெடுக்கென்று இழுத்தாள். வெந்நீர் பிள்ளையின் வலது கையில் கொட்டியது.

பிள்ளை செம்பைக் கீழே போடவில்லை. போட்டால் அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ, கத்திக்கொண்டே பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் விரல்களைப் பிரித்தேன்.

அந்தப் பெண் முதலில் கேத்தலின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மீதி வெந்நீரை வாசலில் கவிழ்த்துவிட்டு, கேத்தலைத் துலக்கத் தண்ணீர்ப் பீலிக்கு எடுத்துப்போனாள்.

டிஸ்பென்சரியில் ஏதோ மருந்து பூசித் துணி சுற்றி அனுப்பினார்கள். மறுநாள் கங்காணி விசாரிக்க வந்தார்.

"பச்சப்புள்ளைய ஏன் அனுப்புன?"

"வேற யாரு போறதுங்க? நான் நின்னு வாங்கிட்டு நேரங்கழிச்சு வந்தா பேர் போடுவீங்களா?"

"வாய் மட்டும் எட்டாம் வகுப்பு," என்றார்.

எங்கள் விறகை எங்களுக்கே கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே பக்கத்துக் காம்பராக்காரி லயத்து வாசலில் நின்று நியாயம் கேட்டாள். "ஒரு அடுப்புன்னு நம்பி நான் ஊருக்கே தணல் குடுத்தேன். இப்ப என் வீட்டு வெறகுல பாதி போயிருச்சு. இது நாயமா, நீங்களே சொல்லுங்க." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இந்த வீட்டாள்களோடு யாராலும் ஒத்துப்போக முடியாது என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

கையின் தோல் ஆறியது. ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இழுத்துக்கொண்டன. அவை இரண்டும் நுனியில் சேராது.

போன மாதம், வளர்ந்துவிட்ட மகளைக் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பேர் பதியக் கூட்டிப்போனேன். அதே கங்காணிதான். இப்போது தலை நரைத்துவிட்டது. கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இந்தக் கையில கொழுந்து கிள்ள முடியாதும்மா. ரெண்டு கையும் ஓடணும். இது எப்புடி ஆச்சு?"

உண்மையிலேயே மறந்துதான் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருடைய பேரும் அவர் கையில் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.

"சுடுதண்ணி பட்டுருச்சுங்க," என்றாள்.

"பொம்பளப்புள்ள அடுப்பங்கரையில பாத்துப் பொழங்க வேணாமா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "தாய்மார்தான் சொல்லிக் குடுக்கணும்," என்றார்.

சரிங்க என்றேன்.