எதிர் லேபில் திருடு போன ரிப்போர்ட்டுகள்

சிதம்பரம் மேலவீதியில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தான் ஜெயப்பிரகாஷ். குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் படித்துவிட்டு டவுனுக்கு வந்த முதல் ஆள். எதிர் வரிசையில் பிரிசில்லா லேப் திறக்கும் வரை தொழில் நன்றாகத்தான் போனது. இருவரும் கடலூரில் ஒரே வகுப்பில் லேப் டெக்னீஷியன் படித்தவர்கள். அப்போதே அவள்தான் முதல் மார்க்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அவன் கண் எதிர்ப்பக்கம் போகும். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் அங்கே அதிகமாக இருந்தால் அன்று காபி இறங்காது. அவள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புகிறாள் என்று தெரிந்ததும், அதே சாஃப்ட்வேரை அதே ஆளிடம் வாங்கிப் போட்டான். கூட்டம் மட்டும் வரவில்லை.

தை மாதத்தில் பிரிசில்லாவின் லேபுக்குப் போனவர்களுக்கெல்லாம் போன் வந்தது. "உங்களுக்கு சுகர் முந்நூறு இருக்கு, எங்ககிட்ட மருந்து இருக்கு" என்று யார் யாரோ பேசினார்கள். ஹேக்கர்கள் ரிப்போர்ட்டுகளை மொத்தமாக அள்ளியிருந்தார்கள். ஜெயப்பிரகாஷுக்கு உள்ளூர இனித்தது. "இனிமே அவ கடைய மூட வேண்டியதுதான்" என்று மனைவி காயத்ரியிடம் சொன்னான்.

பிரிசில்லா மூடவில்லை. கடலூர் சைபர் கிரைமில் புகார் கொடுத்தாள். லேபுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு தெருவைக் கடந்து இவனிடமும் வந்தாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சாஃப்ட்வேர். உன்னுதும் போயிருக்கும் ஜெயப்பிரகாஷ். பேஷண்ட்டுங்ககிட்ட சொல்லிடு. தகவல் திருடு போனா அவுங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு சட்டமே போட்டுட்டாங்க."

"அது இன்னும் அமலுக்கு வரல. எனக்கும் பேப்பர் படிக்கத் தெரியும்."

"வந்தப்புறம்தான் சொல்லுவியா?"

"நீ சேத்துல வுழுந்துட்டு என்னையும் இழுக்கப் பாக்குறியா?"

அவள் திரும்பித் தெருவைக் கடந்து போய்விட்டாள். எதிர்பார்த்தபடி சிலர் இவன் பக்கம் வந்தார்கள்; கொஞ்ச நாளில் திரும்பிப் போனார்கள். "மறைக்காம சொன்னாங்களே, அந்த மனசு யாருக்கு வரும்?" என்று ஒருத்தி இவன் காதுபடவே சொன்னாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் காயத்ரி லேபுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அவளுடைய ஹார்மோன் டெஸ்டை அவன்தான் எடுத்திருந்தான். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. இப்போது எவனோ போனில் அதை அப்படியே படித்துக் காட்டி, குழந்தை பிறக்க மருந்து விற்கிறான்.

"என்ன பண்றதுன்னு தெரியாம பிரிசில்லா அக்காகிட்ட போனேன். உங்ககிட்ட அன்னிக்கே சொன்னாங்களாமே? ஏன் மறச்சீங்க?"

அவளுடைய ரகசியம் ஊர் பேர் தெரியாதவன் வாயில் கிடந்தது. ஆனால் அவனை முதலில் சுட்டது, பெண்டாட்டி தன்னிடம் வராமல் எதிர் லேபுக்குப் போனதுதான். அது புரிந்ததும் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"தப்புதான். வா, கடலூருக்குப் போவலாம்" என்றான்.

சைபர் கிரைமில் புகாரை வாங்கிய இன்ஸ்பெக்டர், "அந்த மேடம் ஒடனே வந்ததால சில நம்பர முடக்க முடிஞ்சுது. நீங்களும் அப்பவே வந்திருந்தா இந்த போன் வந்திருக்காது" என்றார். காயத்ரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டு, பேஷண்ட்டுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டான். சிலர் திட்டினார்கள். சிலர் பாதியிலேயே வைத்தார்கள். குமராட்சி பொன்னுரங்கம் மட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"பரவால்ல தம்பி. எதுத்தாப்ல இருக்குற பொண்ணும் இப்படித்தான் சொல்லிச்சாம். நல்ல பொண்ணு."

ஜெயப்பிரகாஷ் எதிர் லேபைப் பார்த்தான்.

"ஆமாங்க" என்றான். "நல்ல பொண்ணுதான்."