பூட்டாதீங்க சார்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். ராயபுரத்தில் ஒரு சந்துக்குள், மூன்றாவது மாடியில் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். வேலை பிடித்திருந்தது. அங்கிருந்த கேட்டை நினைத்தால்தான் பயம்.

காலையில் எல்லோரும் உள்ளே வந்ததும் சூப்பர்வைசர் படிக்கட்டின் இரும்பு கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். துணி திருடு போகிறது என்று காரணம் சொன்னார்கள். கீழே இறங்க வேறு வழி கிடையாது. ஜன்னல்களில் எல்லாம் கம்பி. என் மிஷின் மெயின் போர்டை ஒட்டி இருந்தது. மதியத்தில் மிஷின்களும் அயர்ன் பாக்ஸ்களும் ஒன்றாக ஓடும்போது போர்டிலிருந்து ரப்பர் கருகுகிற வாசனை வரும். உடனே தலையைத் தூக்கிக் கேட்டைப் பார்ப்பேன். பிறகு தைப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்ப்பேன்.

பக்கத்து மிஷினில் புளியந்தோப்புக்காரி ஒருத்தி. அப்போது அவள் மாசமாக இருந்தாள். பூட்டு பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னபோது, "நீ போய்க் கேளேன்மே" என்றாள். என்னால் முடியாது என்றேன். எங்கள் பிளாக்கில் தண்ணி லாரி வந்தால் என் அம்மா போடுகிற சத்தத்துக்கு வரிசையே வழிவிடும். எனக்கு அந்தத் தொண்டை வாய்க்கவில்லை. யாராவது முறைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சத்தம் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் உலகத்தில் கேட்டது கிடைக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் போர்டு வெடித்தது. பட்டென்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், பிறகு இருட்டும் புகையும். எல்லோரும் கேட்டுக்கு ஓடினோம். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள, முன்னால் இருந்த புளியந்தோப்புக்காரி கம்பியோடு நசுங்கினாள். வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தள்ளாதீங்க, தள்ளாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான் என் கைகளைக் கம்பியில் ஊன்றி நின்றேன். புகை தொண்டையில் இறங்கியது. இங்கேயேதான் சாகப் போகிறோம் என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் வந்து திறந்தபோது புகை அடங்கியிருந்தது. ஒயர்தான் எரிந்திருந்தது. பெண்கள் அவரைத் திட்டிக் கிழித்தார்கள். அவரும் பதிலுக்குக் கத்தினார். அந்தச் சந்தே எட்டிப் பார்த்தது. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்ததும் எல்லோரும் மிஷினுக்குத் திரும்பினார்கள். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போலப் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு சத்தமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் மிஷினில் உட்காரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தைரியம் வந்து நின்றேன் என்றில்லை. உள்ளே போக உடம்பு மறுத்தது, அவ்வளவுதான்.

"பூட்டாதீங்க சார்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

என்ன என்றார்.

"பூட்டாதீங்க சார். சாத்தி வைங்க. பூட்டினா நான் உள்ள உக்கார மாட்டேன்."

திருடிக்கொண்டு போக வழி கேட்கிறாயா என்றார். போகும்போது பையைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். இஷ்டமில்லையென்றால் வீட்டுக்குப் போ, வெளியே பத்துப் பேர் வேலைக்கு நிற்கிறார்கள் என்றார். என் கால்கள் நடுங்கியது புடவைக்கு மேலேயே தெரிந்திருக்கும். திட்டினால் திருப்பித் திட்ட எனக்கு வார்த்தை கிடையாது. ஆகவே இருந்த வார்த்தையையே மறுபடி சொன்னேன். வேலை செய்ய வந்திருக்கிறேன், பூட்டாமல் இருந்தால் செய்கிறேன். அவர் குரலை ஏற்றினார். நான் அதே குரலில் அதையே சொன்னேன். சண்டைக்குப் பதில் சண்டை வராததால் அவருக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை போலிருந்தது.

புளியந்தோப்புக்காரி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "எனக்கும் அதான் சார்" என்றாள். பின்னால் மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

அவர் பூட்டை மேஜைமேல் வீசிவிட்டுப் போனார். கேட் வெறுமனே சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். இன்றைக்கு வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்ற பயத்தோடுதான் தினமும் படியேறினேன். சாயங்காலம் என் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். சிலர், உன்னால் நாங்களும் பேச்சு வாங்குகிறோம் என்றார்கள். ஆனால் கேட்டைப் பிறகு யாரும் பூட்டவில்லை. மதியத்தில் தலையைத் தூக்காமல் தைக்கப் பழகினேன். புளியந்தோப்புக்காரி நிறைமாதம் வரை வேலை செய்து, பெண் குழந்தை பெற்றாள்.

நான் மாறியிருந்ததை என் வீட்டில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். என்னைக் கேட்காமல் பெண் பார்க்க வர மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேதி சொல்லிவிட்ட அம்மாவிடம், அன்றைக்கு நான் புடவை கட்டி நிற்க மாட்டேன், முதலில் நான் பையனிடம் பேச வேண்டும் என்றேன். அம்மா கத்தினாள். நான் சோறு போட்டுக்கொண்டே மறுபடி சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. தட்டைப் பிடித்திருந்த கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.