நகத்தில் விழுந்த கறுப்பு

நாகேஸ்வரி புந்தோங் ஊரில் பள்ளிக்கூடம் கூட்டிப் பிழைப்பவள். அவளுடைய கால் பெருவிரல் நகத்தில் விழுந்த கறுப்புக் கோடு, இரண்டு வருடத்தில் பட்டையாக அகன்றது. காப்பிக் கடையில் உட்கார்ந்தே ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லும் அண்ணன் சின்னையாவிடம் காட்டினாள்.

"தோல் புற்றுநோய் வெள்ளக்காரனுக்குத்தான் வரும்லா. நம்ம கறுப்புக்கு ஒண்ணும் ஆகாது."

முன்பு ரப்பர் எஸ்டேட்டில் இருந்தபோது ஒரு பாம்புக்கடிக்கும் அவர் இதே குரலில்தான் மருந்து சொன்னார். கடிபட்டவர்தான் பிழைக்கவில்லை.

கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் பரவியபோது, அவரைக் கேட்காமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"நம்ம ஆளுங்க நகத்துல கோடு இருக்கிறது சாதாரணம்தான்க்கா," என்றார் டாக்டர். "ஆனா அகலமாகித் தோலுக்கும் இறங்கினா விடக்கூடாது."

சதையை எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா, அதாவது தோல் புற்றுநோய்தான் என்று வந்தது. விரல் போயிற்று, நல்லவேளை, நோய் வேறெங்கும் பரவவில்லை.

வார்டுக்கு வந்த சின்னையா, பக்கத்துக் கட்டில்காரியிடம், "பார்த்ததுமே எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தார். விரல் போன வலியைவிட அந்தக் குரல்தான் நாகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நீங்க போலாம். கட்டு மாத்தணும்."

"நான் இருக்கேன்லா. நர்ஸுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

நர்ஸ் அவர் மூக்குக்கு நேரே கட்டிலின் திரையை இழுத்து மூடினாள். நாகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள்.