முரண்நகைக்கு ஐந்து மார்க்

எல்லையில் சண்டை நடந்த வருடம். சிவாஜிநகரில் எங்கள் கல்லூரித் தமிழ் வகுப்பில், வென்றவன் வீட்டிலும் ஒப்பாரிதான் என்று போரை எதிர்க்கும் ஒரு கவிதை பாடமாக இருந்தது.

"முரண்நகைன்னா, சொல்றது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணு. அஞ்சு மார்க்குக்குக் கண்டிப்பா வரும். உதாரணத்தோட எழுதணும்" என்றார் தமிழ் மேடம்.

அப்போது பியூன் வந்து, சண்டையை ஆதரித்து ஊர்வலம், எல்லோரும் வர வேண்டும் என்றார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனோம். பஸ் ஸ்டாண்டு வரை "விடாதே, அடி" என்று தொண்டை கட்டக் கத்தினோம். மேடம்தான் முன்னால் கொடி பிடித்தார்.

திரும்பி வந்ததும், "எங்க விட்டோம்?" என்றார்.

"முரண்நகை மேடம். உதாரணம் வேணும்" என்றேன், கட்டிய தொண்டையோடு.

கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தார்.

"கைடுல இருக்கிறதையே எழுதுங்க. சொந்தமா எழுதினா மார்க் போயிடும்."