மச்சாள் என் வயிற்றில் வைத்தது

பல்வலிக்குக் குடித்த அன்டிபயோட்டிக்கில் தொடங்கியது என்று டொக்டர் சொன்னார். என் அண்ணன் மனைவியான மச்சாள் வீட்டு நண்டுக் கறியில் தொடங்கியது என்று அம்மா சொன்னார். இரண்டும் ஒரே கிழமையில் என் வயிற்றுக்குள் போனவைதான்.

அதற்குப் பிறகு வயிற்றோட்டம் நிற்கவில்லை. மருந்து குடிக்கும்வரை அடங்கும், நிறுத்தினால் திரும்பத் தொடங்கும். நான் கணக்கு டீச்சர். கரும்பலகையில் பாதிக் கணக்கை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் எந்த வீட்டில் கூச்சப்படாமல் கக்கூசுக்குப் போகலாம் என்பது எனக்கு மனப்பாடம். சாறி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். குடலுக்குள் இருந்த நல்ல கிருமிகளை அந்தப் பல்மருந்து கொன்றுவிட்டது, கெட்டது ஒன்று பெருகிவிட்டது, இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொன்னார். எனக்குச் சாகப் பயம். அதை மறைக்க என்ன இருக்கிறது.

அம்மாவின் பயம் வேறு. அண்ணன் ஆரையம்பதியில் கலியாணம் முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டிலேயே இருந்துவிட்டார். எங்கள் ஊரான பழுகாமத்துப் பக்கம் கிறுகிப் பார்ப்பது, வந்துபோவது எல்லாம் குறைவு. அம்மாவுக்கு அது ஒன்று போதும்.

"உன்ட அண்ணனுக்கு மருந்து போட்டு மயக்கினவளுக்கு உனக்குப் போட எவ்வளவு நேரம் புள்ள?"

மந்திரிக்கிற ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனார். அவர் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துவிட்டு, உறவுக்காரப் பெண்ணொருத்தி சாப்பாட்டில் வைத்திருக்கிறாள் என்றார். யார் வீட்டில்தான் உறவுக்காரப் பெண் இல்லை! மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்தவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர் டீச்சர்மார் பகிடி பண்ணினால் நான் சண்டைக்குப் போகிறவள். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதற்குப் பிறகு மச்சாள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சாட்டுச் சொன்னேன். அவள் வற்புறுத்தவில்லை.

நோய் திரும்பத் திரும்ப வந்ததால் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டொக்டர், சுகமாக இருக்கும் ஒருவரின் மலத்தை உப்புத் தண்ணீரில் கரைத்து, வடித்து, குழாய் வழியாக என் குடலுக்குள் விடலாம் என்றார். அதிலுள்ள நல்ல கிருமிகள் பெருகிக் கெட்டதை அடக்கிவிடுமாம். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. பெரும்பாலும் சரிவரும், ஆனால் உறுதி சொல்லமுடியாது, கொடுப்பவரின் உடம்பில் மறைந்திருக்கும் நோய் எனக்கும் வரலாம், அதனால் இரத்தமும் மலமும் சோதித்துத்தான் எடுப்போம் என்றார். சொந்தத்தில் யாரையாவது கூட்டிவரச் சொன்னார்.

அண்ணன் உடனே வந்தார். ஆனால் தோணியில் மீன் பிடிக்கப் போனபோது கெளுத்தி முள் குத்தி, அந்தப் புண்ணுக்கு அவரும் அன்டிபயோட்டிக் குடித்திருந்தார். கூடாது என்றார்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. என் கணவர் கட்டாரில் வேலை. கடைசியில் அண்ணன் போன் எடுத்தார்.

"இவள் குடுக்கிறன் எண்டு நிக்கிறாள். சோதிச்சுப் பார்ப்பமா?"

சோதித்தார்கள். மச்சாளின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. சோற்றில் ஒரு துளி வைத்திருப்பாளோ என்று அவள் வீட்டுத் தண்ணீரைத் தொடாத நான், அவள் குடலில் கிடந்ததை என் குடலுக்குள் வாங்கவேண்டும்.

அன்று காலை ஆஸ்பத்திரி மர வாங்கில் மச்சாள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். மூடி இறுக்கிய டப்பா அவள் மடியில், துணிப் பையொன்றுக்குள் இருந்தது. உள்ளே கொடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், எனக்குப் பயமா இரிக்கு," என்றாள். அவளுக்கும் நான் மச்சாள்தான்.

எனக்குக் கோபம் வந்தது. "குழாய் எனக்குத்தானே போடப்போறாங்க. உங்களுக்கென்ன பயம்?"

"மாமி என்ன சொல்லித் திரியிறா எண்டு எனக்குத் தெரியாதா? நீங்க என்ட வீட்டில தண்ணி குடிக்காததும் தெரியும். நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா, இவள்தான் வயித்துக்குள்ள வச்சவள் எண்டுவாங்க. மறுகா நான் என்னத்தச் சொல்லுற? இந்த முறை அது உண்மைதானே."

தாதி வந்து என் பெயரைக் கூப்பிட்டாள். "மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க," என்று சொல்லிவிட்டு மச்சாள் பையைத் தாதியிடம் நீட்டினாள். சொல்லமாட்டேன் என்றேன்.

இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார்கள். ஊசி போட்டு மயக்கம் வரும்வரை, மை பார்த்தவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. இவ்வளவு படித்தும் அதுதான் வந்தது.

நோய் அடங்கியது. கெட்டியாகப் போன முதல் நாள் கக்கூசுக்குள் நின்று அழுதேன். அம்மா அதற்கிடையில் ஊரில் செய்வினை நீங்க எனக்காகக் கழிப்புக் கழித்திருந்தார். கட்டு அறுந்துபோனது என்று ஊரெல்லாம் சொன்னார். "இனியாவது அவள்ட கையால ஒண்டும் தின்னாத," என்று எனக்குப் புத்தியும் சொன்னார். உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மச்சாளுக்குக் கொடுத்த வாக்கு என்று விழுங்கினேன்.

இப்போது மச்சாள் வீட்டில் அவள் போடுவதையெல்லாம் சாப்பிடுகிறேன். நான் கை கழுவும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் தவறாமல் போன் எடுப்பாள். என்ன விசாரிக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். திரும்பவும் வரலாம் என்று டொக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். முன்பு வயிறு இரைந்தால் அவளை நினைத்துப் பயந்தேன். இப்போது அவளுக்காகப் பயப்படுகிறேன்.

போன கிழமை விடியக்காலையில் வயிறு முறுக்கியது. கக்கூசுக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பவும் போனேன். அம்மா குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"இண்டைக்கு எப்படி மச்சாள்?"

"நல்லம்," என்றேன். வயிற்றைப் பொத்தியிருந்த கையை எடுத்து, அம்மாவுக்குச் சந்தேகம் வராமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.