டப்பா சாம்பாரும் செல்வத்தின் வடகமும்

நேற்று மகன் செல்போனில் வரவழைத்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். குப்பென்று சோடா உப்பு வாடை. பெட்டியைத் தள்ளி வைத்தேன். "உங்களுக்கு எதுதான் புடிக்கும்?" என்றான். பிடிக்காமல் போனதற்கு ஒரு கதை இருக்கிறது, கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாரம் பகுதியில் நானும் செல்வமும் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேரும் குமாஸ்தாக்கள், கல்யாணம் ஆகாதவர்கள். இரவிலும் ஞாயிறு மதியத்திலும் பக்கத்துத் தெரு மெஸ்ஸிலிருந்து அலுமினிய டப்பாவில் சாப்பாடு வரும். சாப்பாடு என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. சோடா உப்புப் போட்டு ஊதவைத்த சோறு, முந்தின நாள் மிச்சத்தில் புளியைக் கரைத்துவிட்ட சாம்பார், சோப்புப் போட்டாலும் போகாத பாமாயில் பிசுக்கு. ஒருநாள் கூட்டில் பீடித்துண்டு கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவன்தான் நான். பெரிய நாசூக்குக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள்.

செல்வம் அப்படியே சாப்பிடமாட்டான். கதவைச் சாத்திவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைப்பான். நல்லெண்ணெயில் ஒரு உருண்டை வடகத்தை உதிர்த்துப் போடுவான். வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் சேர்த்து வெயிலில் காயவைத்த தாளிப்பு வடகம், எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. பொரிந்து சாம்பாரில் விழுந்ததும் அந்தக் கழுநீர் மனிதர் சாப்பிடும் பண்டமாகிவிடும். கதவைச் சாத்துவது காற்றுக்காக இல்லை. ஆம்பிளை சமைப்பது வெளியே தெரிந்தால் அப்போது மானக்கேடு.

அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்த மில் மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உட்காரவைத்துச் சோறு போட்டோம். சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

"யாரு சமையலு தம்பி?"

"மெஸ்ஸு சாப்பாடுதான் மாமா" என்றான் செல்வம்.

மனிதர் நேராக மெஸ்ஸுக்குப் போய்க் கல்யாணச் சமையலையே பேசி முடித்துவிட்டார். எங்களிடம் மூச்சு விடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்தேன். அதே வாடை. அண்டா அண்டாவாக அதே சாம்பார். முதல் பந்தியில் செல்வத்தின் பெரியப்பா வாயில் வைத்ததை இலையிலேயே துப்பினார். "எங்கள இன்னான்னு நெனச்சிட்டீங்க? எழுந்திருங்கடா, போலாம்!"

செல்வம் என்னை மேஸ்திரி வீட்டுக்கு விரட்டி வடகம் எடுத்துவரச் சொன்னான். பட்டுச் சட்டையோடு அடுப்படிக்குள் போய் அண்டா அண்டாவாகத் தாளித்தான். பெரியப்பா மறுபடி இலையில் உட்கார்ந்தார். கரண்டியும் கையுமாக நின்ற மாப்பிள்ளையைப் பார்த்த மேஸ்திரியின் முகம் கறுத்துப்போனது.

"அப்ப அன்னிக்கும் நீதானா? அடுப்பண்ட நிக்கிறவனுக்கா எம்பொண்ணக் குடுக்கறது?"

பின்னாலேயே வந்த கல்யாணப் பெண் விஜயா சொன்னாள்: "எனக்குத் தாளிக்கக்கூட வராதுப்பா. இவரையே கட்டி வச்சிடு."

கட்டி வைத்தார்.

மெஸ் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். மெஸ்காரரும் போய்ச் சேர்ந்தார், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. செல்வம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. போன மாதம் மூலக்குளம் வீட்டுக்கு விஜயாவைப் பார்க்கப் போனேன். அடுப்பு துடைத்து வைத்தபடியே இருந்தது.

"கடைசி வரைக்கும் அவரு என்னை அடுப்பண்ட வுடவே இல்லண்ணே" என்றாள். "இப்ப கடையில இன்னா குடுக்கறாங்களோ, அத அப்டியே சாப்ட்டுக்கறேன்."