ராயபுரத்தில் ஒரு ‘வோரே’

ரேச்சல் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். ஸ்வீடனில் நர்ஸ் வேலை வேண்டுமென்றால் அந்த ஊர் மொழியில் தேற வேண்டும் என்றதும், ராயபுரம் வீட்டில் அடுப்பங்கரையிலும் அதே பாடம், மாடிப்படியிலும் அதே பாடம். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது ‘வோரே’. இல்லாத ஒன்றை ‘இருந்தால்’ என்று நினைத்துப் பேசுவதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் சொல். நிஜத்துக்கு ஒரு சொல், நினைப்புக்கு ஒரு சொல்லா! அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நான் பறவையாக இருந்தால், எண்ணூரில் புகையே இல்லாமல் இருந்தால் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அதில் போட்டுப் பார்த்தாள்.

அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா லூர்து மேரிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாடி அது, காலைலேர்ந்து அதையே சொல்லிகினு கீறே?”

ரேச்சல் விளக்கினாள்.

“அட, நல்லா கீதே! ஒண்ணு சொல்லேன், கேப்போம்.”

யோசிக்காமல் ரேச்சல் ஒரு வாக்கியம் சொன்னாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் காசிமேட்டிலிருந்து லாஞ்சில் மீன் பிடிக்கப் போன அப்பா செல்வநாதன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. யார் கேட்டாலும் லூர்து மேரி, “கடலுக்குப் போயிகீறாரு” என்பாள். கல்லறைத் திருநாள் வந்தால் பூசையில் வாசிக்க, இறந்துபோனவர்களின் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுப்பார்கள். மாமனார், மாமியார், சண்டைக்கார நாத்தனார் வரை எழுதுவாள். புருஷன் பெயரை மட்டும் எழுத மாட்டாள், எழுதவும் விட மாட்டாள். அப்பாவுக்காக ஒரு பூசை பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டும் என்று ரேச்சலுக்குக் கொள்ளை ஆசை. கேட்கத்தான் பயம்.

“அர்த்தம் இன்னா?”

பொய் சொல்ல வானம் நிறையப் பறவைகள் இருந்தன. ரேச்சலுக்கு மனசு வரவில்லை.

“அப்பா இங்க இருந்தா... அப்டின்னும்மா.”

அரிவது நின்றது. திட்டு விழும் என்று ரேச்சல் காத்திருந்தாள்.

“அந்த ஊர்லயும் இப்டிப் போனவங்க இருப்பாங்களா?”

“அங்கயும் கடல் கீதேம்மா.”

“இன்னொரு வாட்டி சொல்லு.”

ரேச்சல் மெதுவாகச் சொன்னாள். லூர்து மேரியும் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை நாக்கு புரளவில்லை. மூன்றாம் தடவை சுத்தமாக வந்தது. அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

கல்லறைத் திருநாளுக்குப் பெயர் எழுதக் கோயிலில் கொடுத்த காகிதம் அலமாரியில் இருந்தது. அதை முகவாயால் காட்டினாள்.

“உங்கப்பா பேரை நீயே எழுதிடு. என் கையெல்லாம் மீனு.”